நாட்டுத் துப்பாக்கி உரிமச் சட்டம்

நாட்டுத் துப்பாக்கி என்பது, குழலின் வாய்வழியே கரிமருந்தையும் ஈய ரவைகளையும் இட்டுக் கம்பியால் கெட்டித்து, பின்புறத்தில் பொருத்திய ‘கேப்’ எனும் வெடிமூடியைச் சுத்தியல் தட்டுவதால் வெடிக்கும் பழைய வகைச் சுடுகருவியாகும். பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியபோது படைகளை விட்டு நீங்கிய இது, தமிழகத்தில் பயிர் காக்கும் உழவரிடமும் வேட்டையாடி வாழ்ந்த நரிக்குறவரிடமும் பழங்குடும்பங்களின் வீடுகளிலும் தங்கிவிட்டது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஆயுதங்களைக் கட்டுப்படுத்த முற்பட்ட ஆங்கிலேய அரசு, வைசிராய் லிட்டன் காலத்தில் 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தை இயற்றி, ஆயுதம் ஏந்திச் செல்ல உரிமம் வேண்டும் என விதித்தது. ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியரை மட்டும் கட்டிய அச்சட்டம் துப்பாக்கியின் ஆற்றலைவிட அதை ஏந்தும் ஆளின் இனத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்தது என்பதில் ஐயமில்லை. குடகு மக்களுக்கு ஆங்கிலேயர் அளித்த உரிம விலக்கு இன்றும் தொடர்கிறது. தமிழகத்தில் அத்தகைய பொதுவிலக்கு எவருக்கும் இல்லை.

1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இனப் பாகுபாட்டுக்கு மாறாகப் பயன்பாட்டை அடிப்படையாக்கியது. அதன் 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் கோருவதைத் தனியே எடுத்துரைத்து, அது போதாது என உரிமம் வழங்கும் அலுவலர் கருதினால் வேறு வழுவழுப்பான குழலுடைய துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம் என்கிறது. 45ஆம் பிரிவோ, வழக்கொழிந்த அமைப்புடையதாகவோ தொன்மை மதிப்புடையதாகவோ பழுதுற்றதாகவோ இருந்து, பழுது நீக்கினாலும் சுட இயலாத ஆயுதத்தைச் சட்டத்திற்கு வெளியே வைக்கிறது. ஆகவே, ஒரு துப்பாக்கி பாட்டனார் காலத்தது என்பதால் மட்டும் இவ்விலக்குக் கிடைப்பதில்லை. செப்பனிட்டால் சுடும் என்ற நிலையில் இருப்பது சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியே.

சிறு வேட்டைக்கான உரிமங்களை 1991ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத் திருத்தம் நீக்கியபின், நரிக்குறவரின் துப்பாக்கி அதன் தொழிலையே இழந்தது. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் முன்னிசைவு வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாகும்.

உரிமம் வழங்கும் அதிகாரி யார் என்பது இடத்தைப் பொறுத்தது. சென்னையை அடுத்து, நரிக்குறவர் குடியிருப்பு உள்ள ஆவடியும், அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகளும் 2022 சனவரியில் தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்திற்குள் அடங்குகின்றன. மாவட்டங்களில் ஆட்சியரிடம் உள்ள உரிமம் வழங்கும் அதிகாரம் ஆணையரக எல்லைக்குள் காவல் ஆணையரைச் சேர்வது. விண்ணப்பத்தின் மீது உள்ளூர்க் காவல் நிலையத்தின் அறிக்கையும் பெறப்படும். 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கிகள் செய்யும் ஆவடியில், கரிமருந்துத் துப்பாக்கியை வைத்திருக்க ஒருவர் இத்தனை படிகளைக் கடக்க வேண்டியிருப்பது விந்தையாகத் தோன்றினும், இராணுவத்துக்கான ஆயுதமும் தனியார் ஆயுதமும் வேறு வேறு விதிகளின் கீழ் வருவன.

ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரை வழியே வந்தவையும் இவ்வெண்ணிக்கையில் சேரும். உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கான தண்டனையும் இரண்டு முதல் ஐந்தாண்டுச் சிறையாகக் கடுமையாயிற்று.

இதற்கு அடுத்த ஆண்டு மத்திய உள்துறை அமைச்சகம், அரும்பொருள் வகையில் அடங்கும் சிறு ஆயுதங்களைப் பெறவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை என அறிவித்தது. வீட்டில் காட்சிப்பொருளாக வைத்திருப்போர்க்கு இது பெரும் நிம்மதி என்றாலும், சலுகை வாசலோடு நின்றுவிடுகிறது. அவற்றைப் பயன்படுத்தவோ ஏந்திச் செல்லவோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்பவோ உரிய உரிமம் வேண்டும், உரிமத்தில் பதியப்படாத ஆயுதத்திற்கு வெடிமருந்து விற்கவும் கூடாது. சாதாரண உரிமத்தோடு நாட்டுத் துப்பாக்கியை எடுத்துச் செல்வோரும் அதில் குறித்த மாவட்ட அல்லது மாநில எல்லையைத் தாண்டலாகாது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்குமாறு காவல்துறை கோருவது வழக்கம்.