மழைக்கு விழுற சுவிட்ச்

கம்பஸ் லீவில மாமாவோட வயரிங் வேலைக்குப் போறது என் பழக்கம். போன ஐப்பசியில் அம்பிட்டியப் பக்கம் மலைச்சரிவில் ஒரு வீடு. வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுறது, முற்றத்தில் சின்ன நீச்சல் தடாகம். பின்னேர மழை தொடங்கினால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாகுதாம். "அதைக் கழட்டிட்டு நேரா லைனைக் குடுங்க பாஸ்" என்றார் வீட்டுக்காரர். மாமா முடியாது என்றார். பெரிய வாக்குவாதம். நான் வரலாறு படிக்கிற ஆள். அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

குளிக்க அழகாய் இடம் கட்டுறது கண்டிக்குப் புதிசில்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் அரச மகளிர் குளித்த உல்பன்கே மண்டபம் வாவிக்கரையில் இன்னும் நிற்கிறது. ஆனால் தண்ணிக்குள்ளேயே விளக்கு எரியணும் என்ற ஆசை பிறகு வந்தது. ஆபத்தும் அதோடுதான் வந்தது.

பழைய ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, மனுசனை இல்லை. 5 அம்பியர் ஃபியூஸ் எரிய 5 அம்பியருக்கு மேல் பாய வேண்டும். நம் இதயத்தைக் குழப்பச் சில பத்து மில்லியம்பியரே போதும். இந்த இடைவெளியை முதலில் அடைத்தது தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக வேலை செய்த ஹென்றி ரூபின் என்ற பொறியியலாளர். 1955இல் அவர் செய்த முதல் கருவி 250 மில்லியம்பியரில் துண்டித்தது. அடுத்த வருசமே 20க்குக் கீழே கொண்டுவந்துவிட்டார். கருத்து எளிது: போன மின்னோட்டமும் திரும்பி வந்ததும் சமமா? குறைந்தால் அது வேறு வழியில், ஒருவேளை ஒரு உடம்பு வழியாக, ஒழுகுது. உடனே வெட்டு.

அமெரிக்காவில் பெர்க்லி பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல், தானாக முன்வந்தவர்களின் கையில் மின்சாரம் பாய்ச்சி, எந்த அளவில் கம்பியை விட முடியாமல் போகுது என்று அளந்தார். சராசரி ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லியம்பியர். வந்தவர்களில் பெரும்பாலானோர் மாணவர்கள். (எங்கள் பீடத்தில் அட்டெண்டன்ஸ் தருவதாகச் சொன்னாலும் நான் போக மாட்டேன்.) 1961இல் அவர் 5 மில்லியம்பியரில் துண்டிக்கும் கருவியைச் செய்தார். 1968இல் அமெரிக்க மின் விதிகள் அதை முதன்முதலாகக் கட்டாயமாக்கியது எதற்குத் தெரியுமா? தடாகத்தின் நீரடி விளக்குகளுக்கு. குளியலறைக்குக்கூட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் இருக்கு. நனைந்த தோலின் தடை வெகுவாய்க் குறையும். தண்ணிக்குள் உயிரைக் கொல்லாத மின்சாரமும் தசையை இறுக்கிவிடும். ஆள் நீந்த முடியாமல் மூழ்கிப் போவார். அதனால்தான் இன்றைய சர்வதேச விதிப்படி தடாகத்துக்குள் 12 வோல்ட் விளக்குத்தான், அதன் ட்ரான்ஸ்போமர் கரையிலிருந்து தள்ளி. ஏணி, கைப்பிடி, பம்ப் என்று உலோகம் எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பிணைக்கவும் வேண்டும்.

நம்மூரில் இன்னொரு சிக்கல். இங்கே ஒவ்வொரு வீடும் தன் எர்த் கம்பியைத் தானே மண்ணில் அடிக்குது. மலைச்சரிவுப் பாறையில் அது சரியாய் இறங்காது. இறங்காவிட்டால் ஒழுக்கு வந்தாலும் ஃபியூஸ் எரியிற அளவுக்குப் பாயாது. மிச்சமிருக்கிற காவல் அந்த 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் மட்டுந்தான்.

மாமா சுற்று சுற்றாய்க் கழட்டிப் பார்த்தார். பம்ப் அறைக்குப் பக்கத்து இணைப்புப் பெட்டிக்குள் மழைத் தண்ணி நின்றது. சுவிட்ச் பொய் சொல்லவில்லை. புதுப் பெட்டி பூட்டி, டெஸ்ட் பட்டனை அமத்திக் காட்டினார். 'டக்'. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, காசைக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமாவிடம் லயத்தில் இருக்கிற அத்தை வீட்டைப் பற்றிக் கேட்டேன். அங்கே இன்னும் கட்டை ஃபியூஸ்தான். எரிந்தால் கையில் கிடைக்கிற செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். ஆறு குடும்பம், ஒரே கூரை. "தெரியும். வாற ஞாயிறு போவம், ஒரு ட்ரிப் சுவிட்ச் வாங்கி வைச்சிருக்கேன்" என்றார் மாமா.

மற்ற ஐந்து வீட்டுக்கும் என்ன செய்யிறது என்று நான் கேட்கவில்லை.