தாங்கல்

தாங்கல் (பெயர்ச்சொல்): மழைநீரைக் கரை கட்டித் தேக்கும் சிறு பாசன ஏரி. 'தாங்கு' என்னும் வினையடியோடு 'அல்' விகுதி சேர்ந்தது. நீரைத் தாங்கி நிற்பது என்று பொருள். தொண்டை மண்டல வழக்கு. தென் மாவட்டங்களில் கண்மாய் என்பார்கள். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப்பெயர்களிலும் ஊன்றிவிட்டது.

தொண்டை மண்டலத்துக் கவரைப்பேட்டைப் பக்கம் நிலம் சமவெளி. நீரை மண்கரைதான் தாங்கியாக வேண்டும். கரைமேல் நடந்தால் அமைப்பு விளங்கும்: அலை அரிக்காமல் உட்சரிவில் பாவிய கல், வயலுக்கு நீர் விடும் மதகு, மிகுநீர் வழியும் கலங்கல். நிரம்பி வழிந்தால் 'ஏரி கோடி போகுது' என்பார்கள். அந்த நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். இந்தப் பக்கத்து வழக்கில் தரையைத் தோண்டியது குளம், குட்டை; கரை உயர்த்தித் தேக்கினால்தான் தாங்கல்.