முதலெழுத்தும் ஊரும்: வ. புதுப்பட்டியின் அடையாளம் குறித்து

விருதுநகர் மாவட்டத்தில் 'புதுப்பட்டி' என்று மட்டும் சொன்னால் எந்த ஊர் என்று விளங்காது. சிவகாசிப் பகுதியில் எம். புதுப்பட்டி உண்டு, வத்திராயிருப்பை அடுத்து வ. புதுப்பட்டி உண்டு. முன்னதில் ஆங்கில எழுத்தின் ஒலிப்பே தமிழ்ப் பெயராக நிலைத்துவிட்டது. பின்னதில், ஆங்கில ஆவணங்கள் 'வத்ராப்' என்பதன் முதலெழுத்தை இட்டு எழுதினாலும், தமிழில் 'வ' என்ற எழுத்தே வழங்குகிறது. அண்டையூரின் முதலெழுத்தைத் தலைப்பில் தாங்கிய ஊரை அவ்வண்டையூரின் புறநகர் எனக் கொள்வது எளிது. அது எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஊரைப் பெரிய நிலப்பரப்போடு சேர்த்துச் சுட்டுவது புதிய வழக்கன்று. இடைக்காலக் கல்வெட்டுகள் ஸ்ரீவில்லிபுத்தூரை மல்லி நாட்டு ஊராகவே குறிக்கின்றன. அங்கே நாடு என்பது நீர்ப்பாசனமும் ஊர்ச்சபைகளும் பின்னிய ஓர் அமைப்பு. வருவாய்ப் பதிவேடும் அஞ்சலும் வளர்ந்த காலத்து முதலெழுத்துக்கோ அத்தகைய உள்ளடக்கம் இல்லை. ஒரு புதுப்பட்டியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவதே அதன் வேலை. 'புது' என்ற அடையும் ஏறத்தாழ அத்தகையதே. எதைவிடப் புதியது என்பதைப் பெயர் சொல்வதில்லை.

ஊர் இடம்பெயரவில்லை, அதன் மேலிருந்த மாவட்டப் பெயர்களே மாறின. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலியிலிருந்து அதற்கு மாற்றப்பட்டது. 1985-இல் காமராசர் மாவட்டம் பிரிந்தது. தலைவர்களின் பெயர்களை மாவட்டங்களிலிருந்து நீக்கிய 1997-ஆம் ஆண்டு முடிவுக்குப் பின் அது விருதுநகர் மாவட்டமானது. அந்த விருதுநகரும் 1923 வரை விருதுப்பட்டியே. வணிகம் செழித்த பட்டி, நகர் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டது; புதுப்பட்டி பேரூராட்சியான பின்னும் பட்டியாகவே நீடிக்கிறது. ஊர்ப்பெயரின் ஈறு குடியிருப்பின் அளவைக் காட்டும் என்று கொள்வோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

நெடுங்காலம் புதுப்பட்டியின் வட்டத் தலைமையிடம் ஸ்ரீவில்லிபுத்தூர். முதலெழுத்து சுட்டியதோ வத்திராயிருப்பை. வத்திராயிருப்பில் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் இருந்தும், பேரூராட்சியான புதுப்பட்டி அதன் ஆட்சிக்குள் வராது. சட்டப்படி இரண்டும் நிகரான பேரூராட்சிகள். அண்மைக் காலத்தில் வத்திராயிருப்பு தனி வட்டமானபோதுதான் அந்த 'வ' வருவாய் நிர்வாகத்திலும் மெய்யானது. பெயர் முந்திக்கொண்டது, அரசாணை பின்னால் வந்து சேர்ந்தது எனலாம்.

புறநகர் என்ற சொல் ஒரு மையத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. இங்கே வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, சுந்தரபாண்டியம், எஸ். கொடிக்குளம் என நான்கு பேரூராட்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தையொட்டி நெருங்கி அமைந்துள்ளன. மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசலும் வானம் பார்த்த நிலமுமாக இருக்க, இப்பகுதியில் நெல்லும் தென்னையும் விளைகின்றன. பிளவக்கல் அணைகளும் மலையிலிருந்து வரும் ஓடைகளும் கண்மாய்களும் அதற்குக் காரணம். ஆலையும் இரயில் நிலையமும் கொண்ட இராஜபாளையத்தைச் சுற்றி ஊர்கள் விரிந்தது போன்ற வளர்ச்சி இதுவன்று. நீர் கிடைத்த இடங்களிலெல்லாம் ஊர்கள் தனித்தனியே பெருகின. ஆகவே புதுப்பட்டியை வத்திராயிருப்பின் புறநகர் என்பதைவிட, ஒரே பாசனப் பரப்பில் அதற்கு உடன்பிறந்த ஊர் என்பதே பொருத்தம்.

2025-இல் சமூக ஊடகக் காணொலி ஒன்றால் அருகிலுள்ள கூமாப்பட்டி தமிழகமெங்கும் பேசப்பட்டது. முதலெழுத்து எதுவும் இல்லாத அச்சிற்றூரைக் கொண்டு இந்த அடிவாரம் முழுவதையும் வெளியூரார் அடையாளங்காணத் தொடங்கினர். வத்திராயிருப்பு எங்கே என்று கேட்போருக்குக் கூமாப்பட்டிக்குப் பக்கம் என்று விடை சொல்லும் நிலை வந்தது. புதுப்பட்டியின் பெயர்ப்பலகையில் 'வ' மாறவில்லை.