பூத்தையல் இயந்திரங்களில் தொடர் துறையும் நெகிழ்வட்டு இயக்கியும்

தொடர் துறை, நெகிழ்வட்டு இயக்கி ஆகியன, கணினிவழிப் பூத்தையல் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தையல் தரவைக் கொண்டுசேர்க்கும் இரு பழைய வழிகள் ஆகும். தமிழ்நாட்டில், நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூரில், பின்னலாடைகளில் சின்னங்களையும் பூவேலைகளையும் தைத்துக் கொடுக்கும் எம்பிராய்டரி கூடங்கள் பல உள்ளன. பழைய இயந்திரங்களில் தையல் தலைகளும் மோட்டார்களும் நன்றாக இயங்கும்போதே நெகிழ்வட்டு இயக்கி பழுதடைவதுண்டு. புதிய டிசைனை ஏற்ற இயலாத இயந்திரம் பழைய இரும்பின் விலைக்கே போகும். எனவே இவ்விணைப்புகளைச் சீரமைப்பது சிறு கூடங்களுக்கு இன்றியமையாதது.

தரவு

தொடக்கத்தில் தையல் தரவு துளையிட்ட காகித நாடாவில் பதியப்பட்டது. டிசைன் ஆயத்தம் செய்வதைத் தொழிலில் இன்றும் "பஞ்சிங்" என அழைப்பது இதனாலேயே. பரவலாக வழங்கும் டஜிமா நிறுவனத்தின் டி.எஸ்.டி வடிவக் கோப்பில் முதல் 512 பைட்டுகள் தலைப்புப் பகுதி. அதன்பின் ஒவ்வொரு தையலுக்கும் 3 பைட்டுகள். 10,000 தையல்கள் கொண்ட டிசைன் ஏறத்தாழ 30 கிலோபைட்டு மட்டுமே. ஆகவே 720 கிலோபைட்டு நெகிழ்வட்டே பல டிசைன்களுக்குப் போதுமானது.

தொடர் துறை

ஆர்.எஸ்-232 சீர்தரம் 1960 இல் வெளியானது. இதில் +3 முதல் +15 வோல்ட்டு வரை 0 ஆகவும், -3 முதல் -15 வோல்ட்டு வரை 1 ஆகவும் கொள்ளப்படும். பலகையிலுள்ள சில்லுகள் 5 வோல்ட்டில் இயங்குவதால், இடையே மாக்ஸ்232 போன்ற மாற்றிச் சில்லு தேவை. நேரடியாக இணைத்தால் சில்லு கெடும்.

மேசைக்கணினியின் 9 முனைத் துறையில் 2 பெறுதல், 3 அனுப்புதல், 5 பொதுத்தரை ஆகும். கணினியைப் போன்றே அமைந்த 25 முனைத் துறையில் 2 அனுப்புதல், 3 பெறுதல், 7 பொதுத்தரை ஆகும். எனவே இவ்விரண்டுக்கும் இடையே 2 உடன் 2, 3 உடன் 3, 5 உடன் 7 என இணைக்கவேண்டும். இயந்திரத்துக்கு இயந்திரம் அமைப்பு வேறுபடலாம் என்பதால் கையேட்டைப் பார்த்தல் நன்று.

வேகம், தரவு பிட்டுகள், சமன் பிட்டு, நிறுத்த பிட்டு ஆகியன இருபுறமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வினாடிக்கு 9600 பிட்டு வேகத்தில், ஒரு பைட்டுக்கு 10 பிட்டு வீதம், 30 கிலோபைட்டு டிசைன் சென்றடைய அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும். எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் முறையில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினால், தரவில் வரும் 17, 19 என்னும் மதிப்புகளையே "தொடர்க", "நிறுத்துக" என்னும் கட்டளைகளாக இயந்திரம் கொள்ளக்கூடும். ஆதலால் இருமத் தரவுக்குக் கம்பிவழிக் கட்டுப்பாடே ஏற்றது.

நெகிழ்வட்டு இயக்கி

3.5 அங்குல இயக்கி 34 முனைப் பட்டைக் கம்பியால் இணைகின்றது. பட்டையின் வண்ணக்கோடு முதல் முனையைக் குறிக்கும். ஒற்றைப்படை முனைகள் பொதுவாகத் தரைக்கானவை. மேசைக்கணினியிலிருந்து கழற்றிய இயக்கியைப் பொருத்தினால் பெரும்பாலும் இயங்காது. அதற்கு இரு காரணங்கள் உள:

1. மேசைக்கணினியின் பட்டையில் 10 முதல் 16 வரையான கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கும். அதன் இயக்கி 12 ஆம் முனையில் தேர்வுக்குறியை எதிர்பார்க்கும். நேர்ப்பட்டை கொண்ட பழைய பலகைகள் முதல் இயக்கியை 10 ஆம் முனையில் தேர்ந்தெடுக்கும்.
2. மேசைக்கணினி இயக்கி 34 ஆம் முனையில் "வட்டு மாற்றப்பட்டது" என்னும் குறியைத் தரும். பழைய பலகைகள் பல அங்கே "ஆயத்தம்" என்னும் குறியை எதிர்பார்க்கும்.

இயக்கியில் இணைப்புப் பாலங்கள் இருப்பின் அவற்றை மாற்றி இக்குறைகளை நீக்கலாம். பஞ்சுத் தூசி மிகுந்த கூடங்களில் தலைப்பகுதி அடைபடுவதால், துப்புரவு செய்தபின்னரே இயக்கியைப் பழுது எனக் கொள்ளவேண்டும்.

மாற்று வழி

சோனி நிறுவனம் நெகிழ்வட்டு விற்பனையை 2011 இல் நிறுத்தியது. அதே 34 முனை இணைப்பில் பொருந்தி, யூ.எஸ்.பி நினைவகத்தை நெகிழ்வட்டாகக் காட்டும் கோடெக் போன்ற கருவிகள் இன்று இயக்கிக்கு மாற்றாகப் பயன்படுகின்றன. இவற்றிலும் தேர்வுக்குறி, ஆயத்தக்குறி ஆகியவற்றைச் சரியாக அமைத்தல் வேண்டும்.

சில இயந்திரங்கள் தமது இயக்க நிரலையே நெகிழ்வட்டிலிருந்து ஏற்றுகின்றன. சில, டாஸ் அல்லாத தனி வடிவத்தில் வட்டை எழுதுகின்றன. இவ்வட்டுகளைக் கோப்புகளாக நகலெடுத்தல் போதாது. தடம் தடமாக முழு வட்டையும் படியெடுக்கவேண்டும். இயக்க வட்டு கெட்டு, வேறு படியும் இல்லையெனில், புதிய இயக்கியால்கூடப் பயனில்லை. எனவே பழைய இயக்கி படிக்கும் நிலையில் இருக்கும்போதே படியெடுத்தல் முதற்பணி ஆகும்.