ஐம்பது ரூபாய் உச்சவரம்பு: பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கு ஒரு வரலாறு

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சுட்டா பிள்ளைக்கு மாசம் இவ்வளவுன்னு கோர்ட்டு எதை வெச்சு முடிவு பண்ணுது? ஒரு தடவை முடிவு பண்ணிட்டா மாத்தவே முடியாதா?" இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் பதிலும் புரியும்.

முதலில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்க. பிள்ளைக்குச் சோறு போடுவது குடும்ப விவகாரம்தானே? ஆனால் இந்தியாவில் அதற்கான முக்கியமான சட்டம், திருடனைப் பிடிப்பது, ஜாமீன் கொடுப்பது பற்றியெல்லாம் பேசும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் இருக்கிறது. 1861-ஆம் ஆண்டு சட்டத்திலேயே மனைவி, பிள்ளைகள் பராமரிப்புக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். 1872-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அது 536-ஆம் பிரிவானது. அப்போது வைசிராய் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். இதன் நோக்கம் என்னவென்று அவரே சொல்லியிருக்கிறார்: கைவிடப்பட்டவர்கள் கதியில்லாமல் தெருவில் அலைவதைத் தடுப்பது. தெருவில் ஆதரவற்றவர்கள் பெருகினால் ஊர் அமைதி கெடும் என்பதுதான் அன்றைய அரசின் கவலை. பிள்ளையின் உரிமை என்கிற பேச்சே அப்போது கிடையாது.

ஆனாலும் அந்தப் பிரிவில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. எந்த மதம், எந்த சாதி என்று அது பார்க்கவில்லை. தாலி கட்டிய உறவில் பிறந்த பிள்ளையா, இல்லையா என்பதையும் பார்க்கவில்லை. 'வசதி இருந்தும் தகப்பன் கவனிக்கவில்லை, பிள்ளையால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது' என்ற இரண்டும் நிரூபணமானால் போதும், மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம்.

எவ்வளவுக்கு? மொத்தம் மாதம் ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடாது. 1898 சட்டத்தில் இது 488-ஆம் பிரிவானபோதும் அதே ஐம்பதுதான். 1923-இல் நூறு ஆக்கினார்கள். 1955-இல் ஐந்நூறு. அதற்கப்புறம்? 1973-இல் புதிய சட்டம் வந்து 125-ஆம் பிரிவாக எண் மாறியது, தொகை மாறவில்லை. 2001 வரைக்கும் ஐந்நூறுதான், அதாவது நாற்பத்தாறு வருஷம்! அரிசி விலை எங்கே போய்விட்டது, பள்ளிக்கூடச் செலவு எங்கே போய்விட்டது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

இதற்கு நடுவே 1978-இல் ஒரு தீர்ப்பு வந்தது. ராணுவ கேப்டன் ஒருவரின் வழக்கு. மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாஜிஸ்திரேட் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டார். "சட்டம் மொத்தம் ஐந்நூறு என்கிறதே?" என்று அவர் உச்ச நீதிமன்றம் போனார். வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த 'மொத்தம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார். அது குடும்பத்தில் எல்லாருக்கும் சேர்த்து மொத்தம் இல்லை. ஒரு ஆளின் சோறு, துணி, படிப்பு, மருந்து எல்லாம் சேர்ந்த மொத்தம் என்று விளக்கினார். அதாவது தலைக்கு ஐந்நூறு. ஆயிரம் ரூபாய் உத்தரவு நிலைத்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற அரசியல் சாசனத்தின் 15(3)-ஆம் பிரிவை வைத்துத்தான் இதைப் படிக்கணும் என்றும் சொன்னார். தெருவில் அலையாமல் தடுக்க வந்த சட்டம், சமூக நீதிச் சட்டமாக மாறியது இங்கேதான்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1960-களில் சிறுமலையில் ஒரு பெண்ணைக் கற்பனை பண்ணிக்கங்க. கோயம்புத்தூர் மில் தொழிலாளிக்குக் கட்டிக்கொடுத்திருக்காங்க. பிரிந்து, கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு மலையேறி வந்துவிட்டாள். அவள் திண்டுக்கல்லில் மனுப் போட முடியாது! பழைய சட்டப்படி கணவன் இருக்கும் இடத்தில், அல்லது இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்தில்தான் வழக்குப் போடணும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிறங்கி, திண்டுக்கல் வந்து, பஸ் பிடித்து கோயம்புத்தூர் போகணும். கிடைக்கப்போகிற பணத்தைவிட பஸ் செலவு அதிகமாகிவிடும். எத்தனை பேர் வழக்கே வேண்டாம் என்று விட்டிருப்பார்கள்? 1973 சட்டம்தான் மனைவி வசிக்கும் ஊரிலும் மனுப் போடலாம் என்று மாற்றியது. தொகையை உயர்த்தாத அந்தச் சட்டம் செய்த பெரிய உபகாரம் இது.

மேல்முறையீடு, சீராய்வு என்று உயர் நீதிமன்றம் போகவும் 2004 வரை சென்னைக்குத்தான் போகணும். அந்த வருஷம் ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகு, நானூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்த தூரம் அறுபத்து சொச்சமாகக் குறைந்தது. சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பது பாதிதான். கோர்ட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மீதிப் பாதி.

சரி, நேயரின் முதல் கேள்வி. எதை வைத்துத் தொகையை முடிவு செய்கிறார்கள்? 2001-இல் உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம், அதை நோட்டீஸ் போய்ச் சேர்ந்து அறுபது நாளுக்குள் முடிந்தவரை தீர்க்கணும் என்றும் சேர்த்தார்கள். இப்போது பிள்ளையின் தேவை, தகப்பனின் வருமானம், தாயின் வருமானம், அந்தக் குடும்பம் பழகிய வாழ்க்கைத் தரம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். தாயும் சம்பாதித்தால் அவருக்கும் பொறுப்பு உண்டு. 2000-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இருவரின் சம்பளத்தையும் பார்த்து, தகப்பனுக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று பிரித்தது.

ஆனால் திண்டுக்கல் மாதிரி ஊரில் சிக்கல் வேறு. பூட்டுப் பட்டறை, தோல் ஷாப்பு, சின்னாளபட்டித் தறி, வாழைத்தோட்டம் என்று எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டு இருக்கு? "எனக்கு வருமானமே இல்லைங்க" என்று கூண்டில் நின்று சொல்லிவிடலாம். இதற்குத்தான் 2020 நவம்பரில் ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யணும். விவசாயிகளுக்குத் தனிப் படிவமே உண்டு. நிலம் எவ்வளவு, என்ன பயிர், ஆடு மாடு எத்தனை என்று அதில் கேட்பார்கள். ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிடணும் என்பதும் அந்தத் தீர்ப்புதான். உடம்பில் தெம்பு இருக்கிறவர் கூலி வேலை பார்த்தாவது பிள்ளையைக் காப்பாற்றணும் என்று 2022-இலும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி, மாற்ற முடியுமா? தாராளமாக. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். பழைய சட்டத்தில் 127-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் பராமரிப்பு 144-ஆம் பிரிவு, மாற்றம் 146.

சிறுமலைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க முடிக்கொத்து நோயைச் சொன்னால் போதும். 1970-களில் அந்த நோய் வந்து மலைவாழைத் தோட்டங்களை அழித்தது. குதிரை முதுகில் தார் தாராக இறங்கிக்கொண்டிருந்த வருமானம் படுத்துவிட்டது. அப்படி உண்மையிலேயே வருமானம் போனவர் கோர்ட்டுக்கு வந்து சொல்லிக் குறைத்துக்கொள்ள வழி இருக்கு. ஆனால் சொல்லாமல் தானாகவே நிறுத்தினால் நிலுவை ஏறிக்கொண்டே போகும். ஜப்தி செய்யலாம், பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் போடலாம். சிறைக்குப் போனால் கடன் தீர்ந்தது என்றும் நினைக்கக் கூடாது. சிறை வசூலுக்கான ஒரு வழிதான், பணத்தைக் கட்டியே ஆகணும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தாய் தரப்பும் ஒன்றைக் கவனிக்கணும். நிலுவையை வசூலிக்க, அது கட்டவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டுவிடணும்.

இன்னொன்று. ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்து, "இனிமேல் பிள்ளைக்கு எதுவும் கேட்கமாட்டேன்" என்று தாயிடம் கையெழுத்து வாங்கிய பேப்பர் பல வீடுகளில் பெட்டியில் இருக்கும். அது பிள்ளையைக் கட்டாது. தாய் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம், பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

1872-இல் தெருவில் ஆதரவற்றவர் கூட்டம் சேரக் கூடாது என்று எழுதிய ஒரு பிரிவு, இன்றைக்கு ஒரு குழந்தையின் பள்ளிக்கூடக் கட்டணமாக மாறியிருக்கு. அப்படி மாறியது தானாக இல்லை. கைக்குழந்தையோடு கோர்ட்டுப் படியேறிய பெண்கள் ஒவ்வொரு வழக்காகப் போட்டு மாற்றினார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம்.