சுற்றறிக்கை ஒட்டினால் மாறிடுமா ஆஸ்பத்திரி?

உங்க வார்டில் ஒரு நல்ல மாற்றத்தைக் கொண்டுவர நினைக்கிறீங்க. "இதெல்லாம் இங்க நடக்காதுங்க"ன்னு முதல் நாளே சொல்லிடுறாங்களா? அப்போ இந்த 19 அம்சப் பட்டியலோட கதை உங்களுக்குத்தான்.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் அது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுபோகும் முன் என மூன்று முறை நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கணும். டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோவிலோ, பட்டியலைப் பயன்படுத்துறோம்னு மருத்துவமனைகள் கணக்குக் காட்டணும்னு மேலிடத்து உத்தரவு. அங்கே 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான முடிவு: குறிப்பிடும்படி எதுவும் குறையலை! ஏன் என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. டிக் அடிக்கிறதும் சேர்ந்து பேசுறதும் ஒண்ணில்லை என்பது என் கணிப்பு.

எதிலிருந்து கற்கலாம்? பட்டியலோடு வந்த அந்த நிறுவனத்தின் செயல்முறைக் கையேட்டை முதலில் எடுங்க. ஓரிரு தியேட்டரில் ஆரம்பிச்சு, அப்புறம் விரிவாக்குங்க, உங்க இடத்துக்கு ஏற்ப மாத்திக்கோங்கன்னு அதுவே சொல்லுது. கூடவே, அந்த முயற்சிக்குத் தலைமை வகித்த டாக்டர் அதுல் கவாண்டேவின் 'தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ' (2009). கதை மாதிரி ஓடும். திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற சுழற்சியைப் பழக, பாஸ்டனின் ஐ.ஹெச்.ஐ நிறுவனம் நடத்தும் 'ஓப்பன் ஸ்கூல்' ஆன்லைன் பாடங்கள் இருக்கு. ஜான் கோட்டரின் 'லீடிங் சேஞ்ச்' (1996) புகழ்பெற்றதுதான். ஆனா, கம்பெனிகளை மனசுல வெச்சு எழுதினது. கடைசியா படிச்சாப் போதும்.