நெகிரி செம்பிலான்: நிலம் பெண்ணுக்கு, அரியணை ஆணுக்கு. ஏன் இப்படி?

மம்பாவ், ரந்தாவ், ரஹாங் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி. நம் மாநில ஆட்சியாளரை ஏன் யாரும் 'சுல்தான்' என்று கூப்பிடுவதில்லை?

ஏனென்றால் அவர் சுல்தான் இல்லை. 'யாங் டி பெர்துவான் பெசார்' என்பதுதான் அவருடைய பட்டம். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று அது தானாகப் போய்ச் சேராது. சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜொஹோல், ரெம்பாவ் ஆகிய நான்கு லுவாக்குகளின் தலைவர்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். இவர்களை 'உண்டாங்' என்கிறார்கள். (பள்ளிக்கூட மலாயில் படித்த 'சட்டம்' நினைவுக்கு வரும். இங்கே அது பதவியின் பெயர்.)

இந்த அதிகாரம் பேருக்கு இருப்பது இல்லை. 1967-ல் துவாங்கு முனாவிர் காலமானபோது அவர் மகன் துங்கு முஹ்ரிஸுக்கு வயது 19. உண்டாங்குகள் அவரை விட்டுவிட்டு, மறைந்தவரின் சகோதரர் துவாங்கு ஜாஃபாரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1994 முதல் 1999 வரை நாட்டின் மாமன்னராகவும் இருந்தவர் அவர்தான். 2008 டிசம்பரில் அவர் மறைந்தபோது அவருக்கும் மகன்கள் இருந்தார்கள். ஆனால் உண்டாங்குகள் இந்த முறை கைகாட்டியது முஹ்ரிஸை. 41 வருஷம் கழித்து, 60 வயதில், அவர் அரியணை ஏறினார்.

இவ்வளவு தாராளமான தேர்தலிலும் ஒரு கதவு மட்டும் மூடியே இருக்கிறது. மாநில அரசியலமைப்பின்படி ஆட்சியாளர் ஆணாக, மலாய்க்கார முஸ்லிமாக, ராஜா ராடினின் ஆண் வழி வாரிசாக இருக்க வேண்டும். பெண் வேட்பாளர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனா இது தாய்வழி மாநிலமாச்சே?

ஆமாம், வேடிக்கை அங்கேதான். மினாங்கபாவிலிருந்து வந்த 'அடாட் பெர்பாத்தே' வழக்கத்தில் பிள்ளைகள் அம்மாவின் சுக்குவைச் சேர்ந்தவர்கள். சுக்கு என்றால் குலம், மொத்தம் 12. பரம்பரை நிலம் மகள்களுக்குத்தான் போகும், குலத்துக்கு வெளியே விற்க முடியாது. ஆங்கிலேயர்கள் இதை 1909-ல் சட்டமாகவே எழுதிவைத்தார்கள்.

உண்டாங் பதவியும் தாய் வழிதான். அதில் உட்காருவது ஆண். ஆனால் உரிமை அவருக்கு அம்மா மூலமாக வருகிறது. அவருடைய சொந்த மகன் மனைவியின் குலத்தைச் சேர்ந்தவன் என்பதால் பதவி அவனுக்குப் போகாது. அக்கா தங்கை பிள்ளைகள் பக்கம் போகும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மருமக்கள் தாயமும் இதே கணக்குத்தான்.

அப்புறம் அரண்மனை மட்டும் ஏன் தந்தை வழி? 1773-ல் இங்கிருந்த தலைவர்கள் தங்களுக்குப் பொதுவான ஒரு அரசர் வேண்டும் என்று பாகாருயோங்கிலிருந்து ராஜா மெலேவாரை வரவழைத்தார்கள். வெளியிலிருந்து வந்தவர் 12 குலங்களில் எதிலும் சேராதவர். அதனால்தான் எல்லாருக்கும் பொதுவானவராக இருக்க முடிந்தது. அவர் குடும்பத்துக்கு அடாட் பெர்பாத்தே பொருந்தவில்லை. என் பார்வையில், பெண்களை ஒதுக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததைவிட, குலச் சண்டை வராமல் பார்த்துக்கொண்டதன் பக்க விளைவு இது. காரணம் எதுவானாலும், மூடிய கதவு மூடிய கதவுதான்.

மலாய் உலகத்துக்குப் பெண் ஆட்சி புதிதும் இல்லை. பட்டாணியை 1584-லிருந்து ராஜா ஹிஜாவ் தொடங்கி ராணிகள் வரிசையாக ஆண்டார்கள். அச்சேயில் 1641 முதல் 1699 வரை நான்கு சுல்தானாக்கள்.

ஐரோப்பா சட்டத்தை மாற்றியதுகூட அண்மையில்தான். சுவீடனில் 1980-ல் மூத்த பிள்ளைக்கே அரியணை என்று சட்டம் வந்தது. அதனால் 1979-ல் பிறந்த கைக்குழந்தை கார்ல் பிலிப், பட்டத்து இளவரசர் இடத்தை அக்கா விக்டோரியாவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. பிரிட்டன் 2013-ல் சட்டம் இயற்றியது; தம்பி லூயி பிறந்தும் சார்லட் வரிசையில் கீழே இறங்காதது அதனால்தான். மொனாக்கோவிலோ, 2014-ல் இரண்டு நிமிடம் முன்னால் பிறந்த கேப்ரியெல்லாவைத் தாண்டி இரட்டைச் சகோதரன் ஜாக் வாரிசானான்.

சரி, நம்ம வீட்டுல?

அரியணை நமக்கில்லை. தோட்டத்து லயத்து வீடும் கம்பெனி வீடு. அதற்கு வாரிசு கிடையாது. தோட்டத்தை விட்டு வெளியே வந்து தாமானில் சொந்த வீடு வாங்கிய தலைமுறைக்குத்தான் 'யாருக்கு எவ்வளவு' என்ற கேள்வியே வருகிறது. "பொண்ணுக்குத்தான் நகை போட்டாச்சே" என்ற பேச்சும் கூடவே வருகிறது.

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டு பகிர்ந்தளிப்புச் சட்டம் பொருந்தும். அதில் மகன், மகள் என்ற பேதம் இல்லை. அப்பா இறந்து, அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. தாத்தா பாட்டி உயிரோடு இருந்தால் அவர்களுக்குக் கால் பங்கு, அம்மாவுக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. கல்யாணமாகிப் போன மகளும் இதில் அடக்கம். நகை போட்டதால் அந்தப் பங்கு போய்விடாது. பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், அது என்ன தாள் என்று முதலில் படித்துப் பாருங்கள்.